‘பரவாயில்லை’ நம் வீட்டுக்கு வந்த கதை

அன்புள்ள மகனுக்கு,

நீ வேலை பார்க்கிற கூக்காலுக்குப் பூண்டு ஏற்றப் போகிற லாரி டிரைவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. சனிக்கிழமை உனக்கு ஒரு சோலி இருக்கிறது. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும். “நேர்ல போயிப் பேசுனா என்னங்க?” என்று உன் அம்மா கேட்டாள். நேரில் வந்தால் நான் ஒரு கிண்டலைச் சொல்லுவேன், நீ அதற்கு மேல் ஒன்று சொல்லுவாய், இரண்டு பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் பிரிந்துவிடுவோம். பதினைந்து வருஷமாக அதுதானே நடக்கிறது. எழுதினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நீயும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடலூரில் உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்ததைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. செலின் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். அவளுடைய அப்பா, காப்பித் தோட்டத்தில் தலை நரைத்த நிதானமான மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்ன மாப்ள, பொண்ணப் புடிச்சிருக்குங்களா?” என்று கேட்டார். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, ஜெபம் சொல்லப்போகிற முகத்தோடு, “பரவாயில்லைங்க” என்றாய். எனக்கும் உன் அம்மாவுக்கும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நம் வீட்டில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாதே! நான் உன் அம்மாவின் காலை மெல்ல மிதித்தேன், அவள் என் காலைத் திருப்பி மிதித்தாள். அந்தச் சந்தோஷத்தில், எதிரே இருந்தவர்களின் முகம் செத்துப்போனதை நாங்கள் கவனிக்கவே இல்லை. பெண்ணின் அம்மா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தட்டில் முறுக்கு நிறைய இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, நீ லீவு முடிந்து கிளம்புகிற நேரத்தில், நடுவில் நின்று பேசிய உபதேசியார் வந்தார். “அவுக வேற எடம் பாத்துக்கிறாகளாம்ணே. பரவாயில்லைன்னு சொல்லிக்கிட்டு எம் பொண்ணக் கட்ட ஒருத்தரும் வர வேணாம்னுட்டாரு” என்றார். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, “சரி, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு நம் வீட்டு அர்த்தம் இல்லை, ஊரார் அர்த்தம்கூட இல்லை. நீ போனபின் உன் அம்மா துவைக்க எடுத்த சட்டைப் பையில், ஆடலூர் பஸ் வருகிற நேரம் போகிற நேரம் எல்லாம் உன் கையெழுத்தில் எழுதிய சீட்டு இருந்தது. மேலே ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

குற்றவாளி நான்தான். அந்தச் சொல்லை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில், நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த இங்கிலீஷ் துரையும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அமெரிக்கக் குடும்பம், புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். உன் அம்மா அந்த வீட்டில் இஸ்திரி போடவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் போனாள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள், எல்லாரும் பேசுவது இங்கிலீஷ், அப்புறம் என்ன வித்தியாசம் என்றுதான் நினைத்தோம். வித்தியாசம் சிரிப்பில் இருந்தது. அது தெரிய எனக்கு ஒரு மாதமும் ஒரு பஸ் டிக்கெட்டும் ஆயின.

சாயங்காலம் துரை லண்டன் ரேடியோவில் ஒரு சிரிப்பு நிகழ்ச்சி கேட்பார். சிரிப்பு நிகழ்ச்சி என்று துரைசானி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். எப்போதாவது மூக்கால் ஒரு தடவை ‘ஹும்’ என்பார். அன்றைக்கு நிகழ்ச்சி பிரமாதம் என்று அர்த்தம். அதே நேரத்தில் வேலிக்கு அப்பால் அமெரிக்க ஐயா ஒரு டேப்பைப் போட்டுவிட்டு, ஜோக்கு வருவதற்கு முன்னாலேயே தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்த டேப்பில் கேட்கிற ஜனங்களின் சிரிப்பையும் சேர்த்தே பிடித்து அனுப்பியிருப்பார்கள். இங்கிலீஷில் தலையும் வாலும் புரியாத உன் அம்மா, அந்தச் சிரிப்பைக் கேட்டே சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். “என்ன சொன்னாக?” என்று கேட்டால், “யாருக்குத் தெரியும்? நல்லா இருந்துச்சு” என்பாள். நான் அவளை இளப்பமாகப் பார்ப்பேன். புரியாமல் சிரிக்கிறவளைவிடப் புரியாமல் சிரிக்காதவன் ஒசத்தி என்று எனக்கு நினைப்பு.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு கேரமல் புட்டிங் செய்தேன். துரை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “நாட் டூ பேட்” என்றார். ரொம்ப மோசம் இல்லை என்றால் கொஞ்சம் மோசம் என்றுதானே அர்த்தம்? அடுத்த நாள் முட்டையைக் கூட்டினேன். “நாட் டூ பேட்.” அதற்கடுத்த நாள் பாலைச் சுண்டக் காய்ச்சினேன். அதே பதில். நான்காம் வாரம் அவர் தட்டை வழித்து வைத்துவிட்டு, சிரிப்பின் நிழல்கூட இல்லாமல், இந்த மனிதனைப் போலீசில் பிடித்துக்கொடுக்க வேண்டும், இப்படியே விட்டால் இவன் என்னைக் கொன்றுவிடுவான் என்று தன் மனைவியிடம் சொன்னார். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மதிய பஸ் பிடித்து அய்யம்பாளையத்தில் உன் பெரியப்பா வீட்டுக்கு இறங்கிவிட்டேன். போலீஸ் வந்தால் மலையில் பிடிபடுவதைவிடச் சொந்தக்காரர் மத்தியில் பிடிபடுவது மேல் இல்லையா?

மூன்றாம் நாள் அந்த வெயிலில் துரைசானி அம்மா தொப்பியும் குடையுமாகக் காரில் வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. “நீ போன நாளிலிருந்து துரை ரொட்டியைக் கடித்துக்கொண்டு எல்லார் மேலும் எரிந்து விழுகிறார், உடனே கிளம்பு” என்றார். “அம்மா, துரைக்கு என் சமையல் பிடிக்கவில்லையே” என்றேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு சொன்னார். “துரை ‘ரொம்ப மோசமில்லை’ என்றால் அதுதான் பரிசு. போலீசில் பிடித்துக்கொடு என்றால் அதைவிடப் பெரிய பரிசு. என்றைக்காவது ‘வெரி நைஸ்’ என்று சொன்னால் அன்றைக்குப் பெட்டியைத் தூக்கு.” உன் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, “ஏலே, இதென்னடா கிறுக்குப் பய ஊரா இருக்கு!” என்றார். ஆனால் எனக்கு ஏதோ ரகசியக் கதவு திறந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து துரை பேசுவதில் எனக்கு மட்டும் புரிகிற ஒன்று இருந்தது. அந்தக் கர்வம் தலைக்கு ஏறிவிட்டது. ‘நாட் டூ பேட்’டைத் தமிழாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா வைத்த மீன் குழம்பு அருமையாக இருந்த அன்றைக்கு ‘பரவாயில்லை’ என்றேன். நீ கணக்கில் முதல் மார்க்கு வாங்கிய அன்றைக்கு ‘பரவாயில்லை’ என்றேன். நீ வெரசாப் பிடித்துக்கொண்டாய். ஒன்பது வயதிலேயே கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, துரை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “பரவாயில்லைம்மா” என்பாய். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

அமெரிக்க வீட்டில் கதை வேறு. அங்கே எல்லாமே ‘கிரேட்’, எல்லாமே ‘ஒண்டர்ஃபுல்’. ஒருநாள் அந்த ஐயா உன் அம்மாவிடம், “ஒருநாள் நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும்” என்று சொல்லிவிட்டார். அது அவர்கள் ஊரில் ‘போயிட்டு வாங்க’ என்பது மாதிரி ஒரு பேச்சாம். நமக்கு எப்படித் தெரியும்? அந்த ஞாயிறே நான் கல்யாண வேட்டியும், உன் அம்மா பட்டுப் புடவையும், நீ புது டவுசருமாகப் போய் நின்றோம். அவர்கள் தலைவலியோடு ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் வீடாக இருந்தால், எத்தனை அழகாக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி, நாம் எதற்கு வந்தோம் என்பதே தெரியாதது போல வழியனுப்பியிருப்பார்கள். அமெரிக்க ஐயா ஒரு நொடி விழித்தார். பிறகு தன் நெற்றியில் அறைந்துகொண்டு, “நான் ஒரு முட்டாள்!” என்று கத்திச் சிரித்து, வீட்டில் இருந்த பழ டப்பா எல்லாவற்றையும் நமக்காக உடைத்து வைத்தார். நீ பீச் பழம் தின்று சட்டையெல்லாம் பாகாக்கிக்கொண்டாயே, அன்றைக்குத்தான்.

சீசன் முடிகிற வாரம் மண்டபத்தில் வெள்ளைக்காரர்களே வேடிக்கை நாடகம் போடுவார்கள். வேலைக்காரர்கள் பின்னால் நின்று பார்க்கலாம். ஒரு வருஷம் நம் துரையும் இன்னொரு கிழவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற காட்சி. கூரை ஒழுகுகிறது. ‘லேசான தூறல்’ என்கிறார் ஒருவர். ஓடு விழுகிறது. ‘காற்றோட்டம் நல்லது’ என்கிறார் மற்றவர். தண்ணீர் முழங்கால்வரை வந்துவிட்டதாகப் பாவனை, இவர் அவரிடம், ‘பால் ஊற்றட்டுமா?’ என்கிறார். அடுத்து அமெரிக்க ஐயா மேடைக்கு வந்தார். வந்து முதுகைக் காட்டி நின்றார். வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு முக்கோணமாகக் கருகல்! அந்த வாரம் உன் அம்மா அந்தச் சட்டையைக் கருக்கிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவரோ, எப்படி இஸ்திரி போடுவது என்று தான் பக்கத்தில் நின்று அரைமணி நேரம் பாடம் நடத்தியதாகவும், அதைக் கேட்டுத் தூங்கிப்போனது இஸ்திரிப் பெட்டிதான் என்றும் சொல்லி, வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, உன் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, அவளுக்காக எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கருக்கவில்லை.

நான் இதை ரொம்ப யோசித்திருக்கிறேன். சமையல்காரனுக்கு அடுப்பு முன்னால் யோசிக்க நேரம் நிறைய. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்போமே, இங்கிலீஷ்காரனின் வேடிக்கை அதுதான். ஒரே வித்தியாசம், மண் ஒட்டியிருப்பது அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ‘தரை பார்க்கக் குனிந்தேன்’ என்பான். அமெரிக்கக்காரன், ‘பாருங்கள், எவ்வளவு மண்!’ என்று மீசையை நீட்டிக் காட்டி, உன் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு, நாளைக்கு விழமாட்டேன் என்று நம்பிக்கையாகச் சொல்லிவிட்டு மறுபடி விழுவான். முதலாவதில் புத்தி இருக்கிறது, ஆனால் புரிந்தவனை உள்ளே சேர்த்துப் புரியாதவனை வாசலில் நிறுத்திவிடும். இரண்டாவது எல்லாரையும் உள்ளே கூப்பிடும், ஆனால் எல்லாவற்றையும் ஒண்டர்ஃபுல் என்றால் எதுதான் ஒண்டர்ஃபுல் என்று உன் அம்மாவே குழம்பியிருக்கிறாள். வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணி நம் தமிழிலும் உண்டு என்று நீதான் எனக்குச் சொன்னாய். இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்கிறவருக்கும் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். ஆடலூர்க்காரருக்கு நீ உரை எழுதிக் கொடுக்கவில்லையே, மகனே.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. துரையும் அம்மாவும் சீமைக்குத் திரும்புவதற்கு முந்தின மாதம், துரைசானி அம்மா குசினிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர்களுடைய கல்யாண நாள். துரை காலையில் ஏதோ சொல்லியிருக்கிறார், வழக்கம்போலக் கிண்டலாக. அம்மா பட்டாணியை உரித்துக்கொண்டே, “என் கணவர் பெரிய வேடிக்கைக்காரர், இல்லையா? நாற்பது வருஷமாக ஒரே ஒரு வாக்கியம் நேராகச் சொல்லுவார் என்று காத்திருக்கிறேன்” என்றார். நான் சிரித்தேன். அதுவும் அவர்கள் ஊர் ஜோக்கு, எனக்குப் புரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளச் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்துவிட்டுப் பட்டாணிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். உபதேசியார் வந்துபோன செவ்வாய்க்கிழமைதான் எனக்கு விளங்கியது, அந்த அம்மா ஜோக்கு அடிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னைத் தேடி அய்யம்பாளையம்வரை வெயிலில் வந்தவர் அவர்.

அதனால் நேற்று நான் ஆடலூருக்குப் போனேன். “வாயுள்ள புள்ளதான் பொழைக்கும், ஒங்க ரெண்டு பேருக்கும் வாய் இருந்தும் இல்ல” என்று சொல்லி உன் அம்மாதான் வெள்ளனே எழுப்பி அனுப்பினாள். செலினின் அப்பாவிடம் புட்டிங்கில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அதெல்லாஞ் சரிங்க. பொண்ணு விசயத்துல என்னங்க வெளாட்டு?” என்றார். அப்போது செலின் உள்ளே இருந்து வந்தாள். “ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? நாளைக்கு நான் புள்ளயப் பெத்துட்டுக் கெடக்கும்போதும் வந்து எட்டிப் பாத்துட்டு, பரவாயில்லைம்பாகளா?” அவள் அம்மா, “அடியே!” என்று அதட்டினார். நான் துரை வீட்டுப் பழக்கத்தை எல்லாம் விட்டுவிட்டு, அமெரிக்க ஐயா மாதிரி தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் அப்பா காப்பித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. “அவுக பேசுனது வேடிக்கைன்னு நீங்க வந்து சொல்லுறீங்க. அவுகளே வந்து சொல்லட்டும். அப்பா அம்மா முன்னாடி, நேரா, ஒரே ஒரு வார்த்த. சொல்ல வரலைன்னா வர வேணாம். எனக்கு வெளங்காத பேச்சுக்குக் காலமெல்லாம் அர்த்தம் தேடிக்கிட்டு இருக்க என்னால முடியாது, மாமா” என்றாள். ஐயா என்று தொடங்கியவள் மாமா என்று முடித்தாள். அவள் அப்பா அதைக் கேட்டார், தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, “சனிக்கெழம நாங்க வீட்டுலதான் இருப்போம்” என்று மட்டும் சொன்னார். அதுதான் உன் சோலி. பஸ் நேரம் உனக்கே தெரியும்.

கிண்டலை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கும் கிண்டல் வருகிறது, நீங்கள் இருவரும் சிரித்தே வாழ்வீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நேராகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணு. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன். ஆனால் உன்னை மட்டும் அனுப்பிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது யோக்கியம் இல்லை. எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் நீ பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதி நடித்தாய். மலைப்பாதை பஸ்ஸில் எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, கண்டக்டரான நீ மட்டும் ஒவ்வொருவரிடமும் மரியாதை குறையாமல் டிக்கெட் கேட்டு, வளைவுக்கு வளைவு யார் மடியிலாவது விழுந்து, விழுந்த இடத்திலேயே சில்லறை கொடுத்தாய். துரையின் முகமும் அமெரிக்க ஐயாவின் கை காலும் உன் ஒருவனிடம் சேர்ந்து இருந்தன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன், நிற்க முடியவில்லை. கண்ணைத் துடைத்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்தேன். மையில் வரைந்த மீசையோடு நீ ஓடிவந்து, “எப்படிப்பா இருந்துச்சு?” என்று கேட்டாய். நான் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். அன்றைக்கு நீ உன் அம்மாவிடம் போய், “அப்பாவுக்கு நெசமாவே புடிச்சுச்சாம்மா?” என்று கேட்டாயாம். இந்த வாரம்தான் சொன்னாள். அடுத்த வருஷம் நீ நாடகத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை.

நெசமாவே புடிச்சுச்சுலே. அன்றைக்குச் சிரித்தது போல நான் என் ஆயுளில் சிரித்ததில்லை. வெளியே சுவரோரம் பீடி குடித்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையைப் பிடித்து, “அந்தக் கண்டக்டர் என் மகன், என் மகன்” என்று சொன்னேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

உன் அப்பா